நான் பிடித்த முயலுக்கு 18 நகம்

வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். விளக்கு வைத்த பிறகு எந்தக் கிழமையிலும் கூடாது. என் அம்மா போட்ட சட்டம் அது. 34 ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தவள் நான். நகத்துக்கும் கிழமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் இன்றுவரை மீறியதில்லை. ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்த நேரத்தில், "பாட்டி, மைலோ நகம் மாட்டிக்கிச்சு!" என்று பேரன் அலறியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அம்மாதான்.

ஓடிப்போய்ப் பார்த்தால், வாசல் கால்மிதியில் வளையம் வளையமாக நிற்கும் நூலுக்குள் முன்னங்கால் நகம் ஒன்று கொக்கி போல் மாட்டியிருந்தது. மைலோ இழுக்க இழுக்க நூல் இறுகியது. பின்னங்கால்களால் தரையை உதைத்துத் துள்ளியது. நான் தையல் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து வெட்டினேன், நகத்தை அல்ல, நூலை. அம்மாவின் சட்டமும் பிழைத்தது, மைலோவின் காலும் பிழைத்தது. கால்மிதிதான் பாழ்.

மைலோ எங்கள் வீட்டு முயல். வெள்ளைத் துணியில் மைலோவைச் சிந்தியது போல் உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகப் பழுப்பு நிறம் இருப்பதால் அந்தப் பெயர். முன்னங்கால் இரண்டும் வெள்ளை, பின்னங்கால் இரண்டும் பழுப்பு. இந்த நிற விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

2023 ஜனவரி 22ஆம் தேதி சீனப் புத்தாண்டு. முயல் ஆண்டு பிறந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் எங்கள் தாமானில் மட்டும் மூன்று வீடுகளுக்கு முயல் வந்து இறங்கியது. கொண்டாட்டம் முடிந்து, ஆரஞ்சுப் பெட்டிகள் குப்பைக்குப் போன கையோடு, பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். "உன் பேரனுக்கு வேணுமா? எங்க வீட்ல யாருக்கும் நேரமில்ல." பேரனுக்கு அப்போது ஒன்பது வயது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மகள் வேலை முடிந்து வந்தபோது கூண்டு ஏற்கெனவே கூடத்தில் இருந்தது.

இந்தக் கதையை இப்போது எடுக்கக் காரணம், பந்திங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் கடிதம். மகளுக்காக முயல் வாங்கினாராம். நகம் வெட்டக் கடைக்குக் கொண்டுபோனால் அது நடுங்குகிறது, வீட்டுக்கு வந்தும் பாதி நாள் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது, "வீட்டிலேயே வெட்டலாமா, அல்லது வெட்டாமலே விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். வெட்டலாம், அம்மா. வெட்டாமல் விடக் கூடாது. ஆனால் நான் முதல் முறை செய்தது போல் செய்துவிடாதீர்கள்.

நகம் ஏன் வளர்ந்துகொண்டே போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் வீட்டில் வளர்க்கும் முயல்கள் எல்லாம் ஐரோப்பியக் காட்டு முயலின் வழியில் வந்தவை. அந்த இனம் மண்ணைத் தோண்டி வளைக்குள் வாழ்வது. தோண்டத் தோண்ட நகம் தேயும், தேயத் தேய வளரும். எங்கள் வீட்டில் எதைத் தோண்டும்? தரை முழுக்க டைல்ஸ். நகம் தேயாது, கால்தான் வழுக்கும். நகம் நீண்டால் முயலால் பாதத்தைச் சரியாகப் பதிக்க முடியாது. விரல் ஒரு பக்கம் திரும்பும், உடல் எடை குதிகால் பக்கம் சாயும். நாய், பூனைக்கு இருப்பது போல் முயலின் பாதத்தில் மெத்தை போன்ற சதை கிடையாது, உரோமம் மட்டுந்தான். அந்த உரோமம் தேய்ந்தால் தோல் சிவந்து புண்ணாகும். கம்பித் தரை போட்ட கூண்டாக இருந்தால் இன்னும் சீக்கிரம். துணியிலோ கம்பியிலோ மாட்டி நகம் வேரோடு பிய்ந்துபோவதும் உண்டு. எங்கள் கால்மிதிக் கதை அதற்கு முன்னோட்டம்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று பிடிவாதக்காரர்களைச் சொல்வார்கள். நான் பிடித்த முயலுக்கு 16 நகம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். காலுக்கு நான்கு என்ற கணக்கு. உண்மையில் 18. பின்னங்காலில் நான்கு நான்கு, முன்னங்காலில் ஐந்து ஐந்து. அந்த ஐந்தாவது நகம் உட்புறம் சற்று மேலே, நம் கட்டை விரல் போல உரோமத்துக்குள் ஒளிந்திருக்கும். தரையைத் தொடாததால் சத்தமும் கேட்காது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வளைந்து வளைந்து கடைசியில் தோலையே குத்தும். கால்மிதியில் மாட்டியதும் அதுதான்.

சரி, என் தவற்றுக்கு வருகிறேன்.

மைலோ வந்த புதிதில் மருமகன் அதை ஒரு கடைக்குக் கொண்டுபோய் நகம் வெட்டிவந்தார். பேரனும் கூடப் போயிருந்தான். கடைக்காரர் முயலை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றை இரண்டு தடவை நீவியதும் அது அப்படியே அசையாமல் கிடந்ததாம். "தூங்கிடுச்சு பாட்டி! மேஜிக் மாதிரி!" என்று வீட்டுக்கு வந்து கண்ணை விரித்துச் சொன்னான். அதையே கைப்பேசியில் தேடி ஒரு காணொளியும் காட்டினான். அதிலும் ஒரு முயல் மல்லாந்து கிடந்தது, பின்னணியில் இனிமையான இசை.

கால்மிதிச் சம்பவத்துக்கு மறுநாள், சனிக்கிழமை காலை. கடைக்குப் போக வேண்டாம், நானே வெட்டுகிறேன் என்று முடிவெடுத்தேன். எத்தனை பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருக்கிறேன். அழுகிற பிள்ளையை அம்மாவின் மடியில் வைத்து, ஒரு கையால் காலை அழுத்திப் பிடித்து, கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவேன். ஒரு முயல் எனக்கு எம்மாத்திரம்?

பேரன் நாற்காலியில் உட்கார்ந்து மைலோவை மடியில் மல்லாக்கப் போட்டான். நீவினான். அதுவும் அசையாமல் கிடந்தது. நான் எதிரில் உட்கார்ந்து, எங்கள் வீட்டு நகவெட்டியால் வெட்டத் தொடங்கினேன். முன்னங்காலில் ஆறு நகம் மளமளவென்று முடிந்தது. பெருமையாகக்கூட இருந்தது. ஏழாவது நகத்தை வெட்டும்போது யார் வீட்டிலோ மோட்டார் சைக்கிள் உறுமியது. அதுவரை கல் போல் கிடந்த மைலோ ஒரே துள்ளில் உடம்பை முறுக்கிப் பின்னங்கால்களை உதைத்தது. நகவெட்டி ஆழமாகப் பட்டுவிட்டது. பேரனின் கை நழுவியது. முயல் தரையில் விழுந்து, டைல்ஸில் வழுக்கி வழுக்கிச் சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. போன வழியெல்லாம் ரத்தப் பொட்டு.

ரத்தம் எனக்குப் பழக்கம். பேரனுக்குப் பழக்கமில்லை. அவன் சட்டையில் ஒட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "நான்தான் விட்டுட்டேன்... நான்தான் விட்டுட்டேன்..." என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அடிபட்டது ஒரு நகம்தான். ரத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. ஆனால் அதன் பிறகு மூன்று வாரம் மைலோ அவன் அருகில் வரவில்லை. அதுவரை பள்ளி விட்டு வந்ததும் அவன் காலைச் சுற்றிச் சுற்றி ஓடிய முயல், அவன் கூடத்துக்குள் வந்தாலே பின்னங்காலால் தரையில் 'தொம்' என்று அடித்துவிட்டு உள்ளே போய்விடும். அவன் கீரையை நீட்டினால் கையிலிருந்து வாங்காது. தட்டில் வைத்துவிட்டு நகர்ந்தால்தான் சாப்பிடும். "அதுக்கு என்னைப் பிடிக்கல பாட்டி" என்றான் ஒருநாள், சாதாரணமாகச் சொல்வது போல் தட்டைப் பார்த்துக்கொண்டு. அதற்கு நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது ஞாபகமில்லை. சமாதானம் சொல்ல எனக்கு என்ன தகுதி? யோசனை என்னுடையது, அவசரம் என்னுடையது, நகவெட்டி என் கையில்.

காலில் வேறு அடி இருக்கிறதா என்று பார்க்கக் கால்நடை மருத்துவரிடம் போனோம். (போகும் முன் தொலைபேசியில் "முயல் பார்ப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கும் இடங்கள் நிறைய உண்டு.) இளம் பெண் மருத்துவர். நான் நடந்ததைச் சொன்னேன். மல்லாக்கப் போட்டால் தூங்குகிறதே என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அது தூங்கல, ஆன்டி. பயத்துல உறைஞ்சு போயிடுது" என்றார்.

முயல் இரையாகும் பிராணி. வேட்டை மிருகத்தின் பிடியில் சிக்கி, தப்ப வழியே இல்லை என்று ஆனால், செத்தது போல் கிடக்கும். பிடி தளர்ந்தால் ஓடலாம் என்ற கடைசி உபாயம் அது. வெளியே பார்த்தால் அமைதி, உள்ளே பீதி. எந்த நொடியில் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றையும் அவர் சொன்னார். முயலின் உடல் எடையில் எலும்பின் பங்கு சுமார் 7 அல்லது 8 விழுக்காடுதான், பூனைக்கு 12, 13 விழுக்காடு இருக்கும். எலும்பு அவ்வளவு லேசு. ஆனால் பின்னங்கால் தசையோ மிகவும் பலமானது. இடுப்புக்குத் தாங்கல் இல்லாமல் பிடித்திருக்கும்போது ஓங்கி உதைத்தால், அந்த உதையின் வேகத்திலேயே அதன் முதுகெலும்பு முறிந்துவிடக் கூடும். பின்பாகம் செயலிழந்துபோகும்.

நான் பேரனைப் பார்க்கவில்லை. அவனும் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த மைலோவின் முதுகைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நகத்தோடு போயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் காடியில் யாரும் பேசவில்லை. எனக்கு என் அம்மாவின் ஞாபகம். கடைசி இரண்டு ஆண்டுகள் அம்மா படுக்கையில் இருந்தார். நான் நகம் வெட்டப் போனால் கையை இழுத்துக்கொள்வார். நான் மணிக்கட்டைப் பிடித்து, "ஆட்டாதீங்கம்மா, ரெண்டு நிமிஷம்" என்று வேலையை முடிப்பேன். சுத்தமான வேலை, ஒரு கீறல் இருக்காது. அம்மா அசையாமல் கிடப்பார், கூரையைப் பார்த்தபடி. என் தங்கை வந்தால் கதையே வேறு. தோட்டத்துக் கதை, கோயில் திருவிழா என்று எதையாவது பேசிக்கொண்டே ஒரு நாளைக்கு ஒரு விரல், இரண்டு விரல். பத்து விரல் முடிய ஒரு வாரம் ஆகும். "இப்படி வெட்டினா என்னைக்கு முடியும்?" என்று நான் கேலி செய்திருக்கிறேன். அம்மா அவளிடம் கையைத் தானாகவே நீட்டுவார்.

மருத்துவர் சொன்ன வழியும் ஏறக்குறைய தங்கையின் வழிதான். முதல் இரண்டு வாரம் நகவெட்டி கண்ணிலேயே படக் கூடாது என்றார். பேரன் தினமும் பிற்பகலில் மைலோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தான், அவ்வளவுதான். தூக்கவில்லை, துரத்தவில்லை. முதல் நான்கு நாள் அது அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. ஐந்தாம் நாள் கணிதப் புத்தகத்தின் மூலையைக் கடித்தது. பேரன் திட்டுவான் என்று பார்த்தால், கடிபட்ட பக்கத்தை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

அது தானாக அருகில் வரத் தொடங்கியதும் நெற்றியைத் தடவினான். முயலுக்கு ஏறக்குறைய எல்லாப் பக்கமும் கண் தெரியும், மூக்குக்கு நேர் முன்னால் மட்டும் தெரியாது. அதனால் நேராகக் கையை நீட்டினால் மிரளும். பக்கவாட்டிலிருந்து கையைக் காட்டி, பிறகு நெற்றிக்குக் கொண்டுபோக வேண்டும். நெற்றி பழகியதும் தோள், தோள் பழகியதும் பாதம். பாதத்தை ஒரு நொடி தொட்டு விட்டுவிட்டு, ஒரு கொத்தமல்லித் தழை. மறுநாள் இரண்டு நொடி, இன்னொரு தழை. மூன்றாவது வாரம் ஒவ்வொரு விரலையும் மெல்ல அழுத்தி நகத்தைப் பார்க்க முடிந்தது. அதன்பின் நகவெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தோம். மோந்து பார்த்தது, கடித்துப் பார்த்தது. 'டிக்' என்ற சத்தம் பழகட்டும் என்று உலர்ந்த புல் தண்டுகளை அதன் அருகில் வெட்டிக் காட்டினேன். மருமகன் அலுவலகத்திலிருந்து வந்து, மாமியார் தரையில் உட்கார்ந்து முயலுக்கு முன்னால் புல் வெட்டுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் குளிக்கப் போனார்.

இப்போது நாங்கள் வெட்டும் விதத்தைச் சொல்கிறேன். பந்திங் வாசகி கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

நேரம் பிற்பகல் மூன்று மணி. முயல் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும், பிற்பகலில் தூங்கி வழியும். தொலைக்காட்சி அணைத்தாகிவிட வேண்டும். தரையில் ஒரு தடித்த ரப்பர் பாயை விரிப்போம். மேசைமேல் வைப்பதில்லை, குதித்தால் ஆபத்து. பாய் ஏன் என்றால், கால் வழுக்காத இடத்தில்தான் முயலுக்குத் தைரியம் வரும். பேரன் சம்மணம் போட்டு உட்காருவான். மைலோ நான்கு காலும் கீழே இருக்கும்படி அவன் மடியை ஒட்டி உட்காரும், பின்பாகம் அவன் வயிற்றில் சாய்ந்திருக்கும். அவனுடைய ஒரு கை மார்புக்குக் கீழே, இன்னொரு கை பின்பாகத்தை அணைத்தபடி. இறுக்குவது கிடையாது. காதைப் பிடிப்பது அறவே கிடையாது. என் சித்தப்பா தோட்டத்தில் முயலைக் காதைப் பிடித்துத்தான் தூக்குவார். அவர் வளர்த்தது கறிக்கு. அந்தப் பழக்கம் நமக்கு வேண்டாம்.

நான் ஒரு பாதத்தை, முயல் உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே, ஒரு அங்குலம் மட்டும் தூக்குவேன். பக்கவாட்டில் இழுக்கக் கூடாது, அதன் கால் அப்படி வளையாது. உரோமத்தை விரலால் ஒதுக்கினால் நகம் தெரியும். வெள்ளைக் காலின் நகம் கண்ணாடி போல் இருக்கும், உள்ளே ஓர் இளஞ்சிவப்புக் கோடு ஓடும். ரத்தக் குழாயும் நரம்பும் இருக்கும் இடம் அது. அந்தக் கோடு முடியும் இடத்துக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் முன்னாலேயே வெட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் இன்னும் நுனியில் வெட்டுங்கள். கொக்கி முனை மட்டும் போனாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பழுப்புக் காலில்தான் சோதனை. நகம் கறுப்பு, உள்ளே ஒன்றும் தெரியாது. கைப்பேசி விளக்கை நகத்துக்குப் பின்னால் பிடித்தால் கோட்டின் நிழல் தெரியும். எங்கள் வீட்டில் அதற்கென்றே என் மகள் சிறிய பேனா விளக்கு ஒன்று வாங்கித் தந்தாள். என் கண்ணுக்கு அதிலும் தெரியாத நகங்கள் உண்டு. அவற்றை அரிசி நுனி அளவுக்கு வெட்டிவிட்டு நிறுத்திவிடுவேன். வெட்டுவதற்கு முன் நகவெட்டியை இலேசாக நகத்தின்மேல் அழுத்திப் பார்ப்பதும் ஒரு வழி. முயல் காலை வெடுக்கென்று இழுத்தால் உயிர் உள்ள இடத்துக்கு மிக அருகில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நகவெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு வெட்டுவது வேண்டாம். அது தட்டையான நகத்துக்குச் செய்தது, முயலின் உருண்டையான நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும். பூனைக்கு விற்கும் சிறிய கத்தரிக்கோல் போன்றது சரியாக இருக்கும். நான் 15 வெள்ளிக்கு வாங்கினேன், இன்னும் கூர் மங்கவில்லை.

ஒரு நகம் வெட்டியதும் ஒரு தழை. காது பின்னால் படிந்து, கண் பிதுங்கி, உடம்பு விறைத்துத் தாழ்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அசையாமல் இருக்கிறதே, இன்னும் நான்கை முடித்துவிடலாம் என்று எனக்கு இன்றும் கை துறுதுறுக்கும். பேரன் விடமாட்டான். "பாட்டி, காதைப் பாருங்க" என்பான். எடுத்துவைத்துவிடுவேன். எல்லா நகத்தையும் ஒரே நாளில் வெட்ட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? நாளுக்கு மூன்று வெட்டினால் ஆறு நாள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் ரத்தம் வரத்தான் செய்யும். தொடங்கும் முன்பே ஒரு சிறு தட்டில் சோளமாவும், சுத்தமான பஞ்சுத் துணியும் எடுத்து வைத்துவிடுங்கள். ரத்தம் வந்தால் நகத்தின் நுனியை மாவில் அழுத்தி, துணியால் சில நிமிடம் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நின்றுவிட்டதா என்று நொடிக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. பொதுவாகச் சீக்கிரம் நின்றுவிடும். நிற்கவில்லை என்றாலோ, நகம் வேரோடு பெயர்ந்திருந்தாலோ, காலை ஊன்றவில்லை என்றாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். அன்று முழுக்க அது சாப்பிடுகிறதா, புழுக்கை போடுகிறதா என்றும் பாருங்கள். பயந்துபோன முயல் சாப்பாட்டை நிறுத்தும், குடல் வேலை செய்வது நின்றுபோகும். அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் அது அவசர நிலை, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

துண்டில் சுற்றி, ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து வெட்டும் முறையையும் மருத்துவர் காட்டினார். கூச்சமுள்ள முயலுக்கு நல்ல முறைதான். ஆனால் அதைக் காட்டும் காணொளிகள் பல குளிர்நாட்டில் எடுத்தவை. நம் ஊர் வெயிலுக்கு யோசித்துச் செய்யுங்கள். முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது, காது வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். கிள்ளானில் பிற்பகல் மூன்று மணிக்குக் கனமான துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்திருந்தால் நமக்கே மூச்சு முட்டும். சுற்றத்தான் வேண்டும் என்றால் குளிர்சாதனம் ஓடும் அறையில், மெல்லிய துண்டில், காதை மூடாமல், இரண்டு மூன்று நிமிடத்துக்குள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டால், நான்கிலிருந்து எட்டு வாரம் என்பார்கள். எங்களுக்கு ஏறக்குறைய ஆறு வாரம். நாள்காட்டியைவிடக் காது நல்ல கணக்கு. மைலோ டைல்ஸில் நடக்கும்போது 'டக் டக்' என்று கேட்டால், பாத உரோமத்தைத் தாண்டி நகம் நீட்டிவிட்டது என்று பொருள்.

எல்லாராலும் வீட்டில் செய்ய முடியும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு பேர் இல்லை, கை நடுங்குகிறது, முயல் தொடவே விடாமல் போராடுகிறது என்றால், முயல் பார்க்கும் மருத்துவரிடம் கொடுத்துவிடுவது மேல். அங்கேயும் பிடிக்கும் முறையைக் கேட்டுவிடுங்கள். மல்லாக்கப் போட்டால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரோ அப்படிக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் யாரோ, "அழுத்திப் பிடி, சீக்கிரம் முடி" என்று கற்றுக்கொடுத்தார்கள்.

பந்திங் வாசகிக்கு ஒன்று. வெட்டுவது நீங்களாக இருக்கட்டும், பிடிப்பதும் தழை கொடுப்பதும் உங்கள் மகளாக இருக்கட்டும். முதல் நாள் ஒரே ஒரு நகம், முன்னங்காலில், வெள்ளையாக இருந்தால் நல்லது.

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு நாள்காட்டி தொங்குகிறது, ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்டது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதில் பேரனின் கையெழுத்து முளைக்கும். திங்கள் 3, செவ்வாய் 3, புதன் 2 (அன்றைக்கு இடி இடித்தது), வியாழன் 4. வெள்ளிக்கிழமைக் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கும். "அன்னிக்கு ஏன் வெட்டலன்னு யாராவது கேட்டா என்னடா சொல்வே?" என்றேன் ஒருநாள்.

"மைலோவும் நம்ம வீட்டுப் பிள்ளைதானே பாட்டி" என்றான்.

போன வாரம் வியாழக்கிழமை நான்கு வெட்டியிருக்க வேண்டும். மூன்று முடிந்ததும் மைலோ மடியிலிருந்து இறங்கி, நிதானமாக நடந்து, புதிய கால்மிதிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. இது வளைய நூல் இல்லாதது. நான் நகவெட்டியோடு எழப் போனேன். பேரன் பென்சிலை எடுத்து, நாள்காட்டியில் 3 என்று எழுதிக்கொண்டிருந்தான்.